இடுப்பில் ஒரு கிளிமூக்கு

மில்லில் பாதுகாப்பு பார்க்கிற பிழைப்பு, கல்யாண மண்டப வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற மாதிரி: ஒன்றும் தொலையாத வரைக்கும் "இந்தாளு எதுக்கு?" என்பார்கள், ஒன்று தொலைந்துவிட்டால் "இந்தாளு எங்க?" என்பார்கள்.

நீங்களும் இதே வேலையில் இருந்து, நாலு பேரிடம் தினமும் திட்டு வாங்குகிறவர் என்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நம் பாடு நமக்குத்தான் தெரியும். நான் இருப்பது அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் நார் மில்லில். ஒரு பக்கம் மட்டை உள்ளே போகும், மறுபக்கம் நாரும் தூளுமாக வெளியே வரும். நடுவில் பெல்ட், புல்லி, ஷாஃப்ட், சல்லடை என்று சுற்றாத பொருள் கிடையாது. சுற்றுகிற எதற்கும் ஒரே குணம்தான், துணியைக் கண்டால் விடாது. துண்டு, முந்தானை, கைலி நுனி, மணிக்கட்டில் கட்டின சாமிக் கயிறு, எது கிடைத்தாலும் சரி. ஆளையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

ஆயுசு முழுக்க மிஷின் கழற்றி மாட்டுகிற பிட்டராக இருந்தேன். முடியெல்லாம் கொட்டின பிறகு "சேப்டி பாருங்க" என்று உட்கார வைத்துவிட்டார்கள். மில்லில் என்னைப் பிட்டரய்யா என்பார்கள், முதலாளி மட்டும் பெருசு என்பார். நான் பொய் சொல்கிறவன் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. சில உண்மைகள் குட்டையாகப் பிறந்துவிடுகின்றன. நான் அதற்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

வேட்டி கட்டிய மிஷின்

பிட்டராக இருந்த காலத்தில் நான் வேறொரு மில்லில் இருந்தேன். ஷிப்டு முடிந்து, காக்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, புது வேட்டிக்கு மாறி வீட்டுக்குக் கிளம்பினேன். மச்சினன் வீட்டில் விசேஷம். குறுக்கு வழியாகப் போகலாம் என்று ஓடிக்கொண்டிருந்த ஷாஃப்ட் ஓரமாக நடந்தேன். காற்று ஒரு வீசு வீசியது. வேட்டி நுனி அங்கிட்டுப் போனது, நானும் பின்னாலேயே போனேன். கைக்கு அகப்பட்ட தூணைக் கட்டிப் பிடித்தேன். மிஷின் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, தூண் யார் பக்கம் சேர்வது என்று தெரியாமல் தவித்தது. அந்தத் தூண் இன்றைக்கும் மேற்கே சாய்ந்துதான் நிற்கிறது, போனால் பார்க்கலாம்.

அந்த நேரம் இடுப்பு மடிப்பில் பாக்குவெட்டி இருந்தது. வெற்றிலை போடுகிற பழக்கம் கெட்ட பழக்கம் என்று என் வீட்டுக்காரி அன்று காலையில்தான் திட்டியிருந்தாள். அந்தப் பாக்குவெட்டியால் நறுக் நறுக்கென்று வேட்டியைக் கத்தரித்து, துணி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். ஓடி வந்த கூட்டாளி மிஷினை நிறுத்தினான். ஷாஃப்டில் வேட்டி சுருக்கமில்லாமல் சுற்றி, ஜரிகைக் கரை வெளியே தெரிகிற மாதிரி அம்சமாக நின்றது. என்னைப் பார்த்தான், ஷாஃப்டைப் பார்த்தான், பிறகு சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, வேட்டி ஒங்களவிட அதுக்குத்தான் எடுப்பா இருக்கு."

குத்தத் தெரியாத கத்தி

அன்றிலிருந்து அறுக்கிற பொருள் ஒன்று இடுப்பில் இல்லாமல் நான் குளிக்கக்கூடப் போனதில்லை. இந்த நார் மில்லுக்கு வந்ததும், எனக்கு மட்டும் இருந்தால் போதாது, மிஷின் பக்கம் நிற்கிற அத்தனை பேர் இடுப்பிலும் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் சாதாரணக் கத்தி ஆகாது. பதற்றத்தில் துணியை அறுக்கிறவன் ஆளையும் சேர்த்து அறுத்துவிடுவான். யோசித்து யோசித்து ஒரு வடிவம் பிடித்தேன். கிளியின் மூக்கு மாதிரி வளைந்திருக்கும். கூர் முழுக்க வளைவுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் மொழுக்கென்று இருக்கும். துணிக்கும் உடம்புக்கும் நடுவில் தட்டையாகச் செருகி, வெளியே பார்த்து இழுத்தால் துணி மட்டும் போகும், தோலில் கீறல் விழாது.

மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் இலுப்பூர். அங்கே ஒரு ஆசாரி பட்டறையில் கரித்துண்டால் தரையில் படம் போட்டுக் காட்டினேன். பழைய ரம்பத் தகட்டைக் காய்ச்சி ஒன்று அடித்துக் கொடுத்தார். அச்சு அசலாக இருந்தது. பக்கத்து மரத்தடியில் ஜோசியக்காரர் கூண்டிலிருந்து வெளியே வந்த கிளி, சீட்டு எடுப்பதை மறந்துவிட்டு, நேராக நடந்து வந்து கத்தியிடம் நலம் விசாரித்தது. ஆசாரிக்குத்தான் மனசு ஆறவில்லை. நுனியைத் தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார், தொடையில் அழுத்திப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. மிகுந்த வருத்தத்தோடு கேட்டார்: "ஒருத்தனையும் குத்த முடியாதேய்யா, அப்பறம் இத கத்தின்னு எப்புடி வெளிய சொல்லுவீங்க?"

துபாய் பார்த்த முதலாளி

எங்கள் முதலாளி நல்ல மனுசர். துபாயில் பல வருசம் கிடந்து உழைத்து, ஊருக்கு வந்து மில் போட்டவர். அதனால் எதற்கும் துபாயில் எப்படி என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார். கிளிமூக்கை அவர் மேசையில் வைத்தபோது நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஆளுக்கொரு கத்தி கொடுத்தால் தீபாவளி போனஸ் பேச வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று அவருக்கு அப்போதே கண்ணில் தெரிந்துவிட்டது. இது குத்தாது என்று என் வயிற்றிலேயே குத்திக் காட்டினேன். அதைப் பார்த்து இன்னும் பயந்தார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஆயுத பூஜை வரைக்கும் கத்தி இருக்கலாம். அதற்குள் ஒரு தடவையாவது அது தேவைப்பட்டது என்று நான் காட்ட வேண்டும். இல்லையென்றால் கத்தி அத்தனையும் பழைய இரும்புக்குப் போகும், நான் கேட்டுக்குப் போய் லாரிக்குக் கதவு திறந்துவிட வேண்டும். இதில் இருக்கிற வில்லங்கத்தைக் கவனியுங்கள். கத்தி தேவைப்பட வேண்டுமென்றால் ஒருத்தர் மாட்ட வேண்டும். ஒருத்தரும் மாட்டாமல் பார்ப்பதுதான் என் வேலை. வேலையை ஒழுங்காகப் பார்த்தால் வேலை போய்விடும். இதை எடுத்துச் சொன்னேன். முதலாளி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "துபாய் ஏர்போர்ட்ல நகவெட்டியக்கூடப் புடுங்கி வச்சுக்குவான் பெருசு, நீங்க என்னன்னா உள்ள வாரவங்களுக்கெல்லாம் கத்தி குடுத்து விடுறீங்க."

பாப்பாத்தி நறுக்கிய கருவாடு

ஆசாரியிடம் ஆளுக்கொன்றாக அடித்து வாங்கி, கையில் கொடுத்த அன்றே சொல்லிவிட்டேன். இது ஆபத்துக்கு மட்டும். முதலில் சிவப்புப் பொத்தானை அமுக்கு, மிஷின் நிற்கட்டும். நிற்காவிட்டால், அல்லது துணி கழுத்தை இறுக்கினால், அப்போதுதான் கிளிமூக்கு. மற்ற நேரம் அது இடுப்பில் இருக்கிறதே தெரியக்கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் பார்த்தால் லாரி டிரைவர் ரபீக் அதை வைத்துப் பரோட்டாப் பொட்டலத்து நூலை அறுக்கிறார். இன்னொருத்தர் கால் நகம் வெட்டுகிறார். ஒரு பெண் பூக்கட்டின நாரை அறுத்து, மிச்சப் பூவை எனக்கே நீட்டினாள்.

இவர்களுக்கெல்லாம் தலைவி பாப்பாத்தி. சல்லடை மிஷினில் நிற்கிற பெண்பிள்ளை, கை வேகம், வாய் அதைவிட வேகம். மத்தியானம் மில்லுக்குப் பின்னால் அடுப்புக் கூட்டி எல்லோருக்கும் குழம்பு வைப்பதும் அவள்தான். வெங்காயம், கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் கிளிமூக்கில்தான். ஒரு நாள் வாடை தூக்கியது. போய்ப் பார்த்தேன். கருவாட்டுத் தலையை வளைவில் மாட்டி, ஒரு இழுப்பு, தலை தனி, உடம்பு தனி. செய்நேர்த்தியைப் பார்த்து ஒரு நிமிசம் நானே மயங்கிவிட்டேன். பிறகு சுதாரித்துக்கொண்டு, உயிரைக் காப்பாற்றக் கொடுத்த ஆயுதத்தில் கருவாடு நறுக்கலாமா, நாளைக்கு ஒருத்தர் கழுத்தில் துணி மாட்டினால் இந்த நாற்றத்தோடா போய் நிற்பாய் என்று கத்தினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த தலையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சும்மா கெடந்தா துருப் புடிச்சிரும்ணே, ஒங்களப் பாக்கல?"

வாழை மரம் போட்டிருந்த சட்டை

மேனேஜர் தங்கராசு கத்தியை இடுப்பில் வைக்க மாட்டார். பேண்ட் மடிப்பு கலைந்துவிடுமாம். அடையாள அட்டை மாட்டுகிற நைலான் கயிற்றிலேயே கத்தியையும் கோத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு, பதக்கம் வாங்கினவர் மாதிரி மில் முழுக்க நடந்தார். உயிர் காக்கிற கத்தியைத் தூக்குக் கயிற்றில் தொங்க விட்டுக்கொண்டு, குனிந்து குனிந்து பெல்ட் வேறு பார்ப்பார். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். நைலான் அறுந்துவிடும் என்றார். நைலானாவது, அறுவதாவது. லாரியையே கட்டி இழுக்கலாம்.

செய்து காட்டினால்தான் புரியும் என்று, கொல்லையில் கிடந்த வாழைத் தண்டு ஒன்றைத் தூக்கி வந்தேன். அதற்கு ஒரு சட்டை போட்டுவிட்டேன், கழுத்தில் நைலான் கயிற்றில் ஒரு அட்டையும் மாட்டினேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நீளக் கம்பால் வாழையைத் தள்ளி, கயிற்று நுனி புல்லியில் படுகிற மாதிரி சாய்த்தேன். படக்கென்று ஒரு சத்தம். வாழை கும்பிடு போடுகிற மாதிரி ஒரு குனி குனிந்தது, அடுத்த நொடி அது வாழையாக இல்லை. ஒரு துண்டு பறந்து போய் ரோட்டில் நின்ற பஸ்ஸில் ஏறி, அரிமளம் போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி. கூட்டம் இன்னும் ரெண்டு அடி பின்னால் போனது. மேனேஜர் மெதுவாகத் தன் கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். வழிக்கு வந்துவிட்டார் என்று நான் பூரித்துப்போன நேரத்தில் சுவரில் சட்டை மாட்டுகிற ஆணியைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "புரிஞ்சிருச்சுய்யா, எல்லாம் புரிஞ்சிருச்சு, ஆனா அது நான் சாயந்தரம் பொண்ணு பாக்கப் போட்டுட்டுப் போறதுக்கு வச்சிருந்த சட்டைய்யா."

ஒத்திகை

ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டே வந்தது. கத்திக்கு ஒரு வேலையும் வரவில்லை. கடவுள் புண்ணியத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் எனக்குத் தூக்கம் இல்லை. சரி, ஒத்திகையாவது நடத்தி முதலாளிக்குக் காட்டுவோம் என்று ஏற்பாடு செய்தேன். மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். என் காக்கிச் சட்டை நுனியை நானே ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு, முதலாளி ஆபீஸ் கதவைத் திறக்கிற நேரம் பார்த்து "ஐயோ" என்றேன்.

கூப்பிட்டது ஒரு ஆளை. வந்தது மொத்த மில்லும். ஒருத்தி சட்டை நுனியை அறுத்தாள், அது போதும். ஆனால் மற்றவர்களுக்கும் ஆசை இருக்காதா? வலது கையை ஒருத்தர், இடது கையை ஒருத்தர், முதுகை மூன்று பேர். இடுப்பு பெல்ட்டையும் ஒரு புண்ணியவான் விடவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் என் உடம்பில் காலர் மட்டும் நின்றது. தோலில் ஒரு கீறல் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும், ஆசாரி வாழ்க. முதலாளி கதவைத் திறந்து பார்த்தது இந்தக் கோலத்தைத்தான்: கையில் கத்தியோடு பெண்கள் வட்டம் கட்டி நிற்க, நடுவில் கோவணத்தோடு ஒரு கிழவன். கதவைத் திரும்பவும் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்தே, பூஜையோடு இந்தக் கூத்து முடிந்தாக வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்வது கேட்டது. பாப்பாத்தி ஒரு சாக்கை எடுத்து என் மேல் போர்த்திவிட்டுச் சொன்னாள்: "உசுரு எங்க பொறுப்புன்னீங்க, காப்பாத்திட்டோம்ணே, மானத்தப் பத்தி நீங்க ஒன்னுமே சொல்லலியே."

சந்தனம் வைத்த பொத்தான்

பூஜை நாளும் வந்தது. மில்லைக் கழுவி, மிஷினைத் துடைத்து, கல்யாணப் பெண் மாதிரி ஆக்கிவிட்டார்கள். புல்லிக்குச் சந்தனம் வைக்க வேண்டும் என்று மேலே இருந்த வலைமூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். பெல்ட்டிலும் அள்ளிப் பூசியிருந்தார்கள். சிவப்புப் பொத்தான் இருக்கிற பெட்டிக்கு முன்னால் பெரிய வாழை மரத்தைக் கட்டி, மாலை போட்டு, பொத்தானையே காணாமல் அடித்திருந்தார் மேனேஜர். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இன்றைக்குத்தான் மிஷினுக்கு ஓய்வாயிற்றே, யார் ஓட்டப் போகிறார்கள் என்றார்கள். குளிக்கும்போதுகூட நான் விடாத என்னுடையதையும் சேர்த்து, கத்திகளையெல்லாம் வாங்கிக் கழுவி, பொட்டு வைத்து, தாமரைப் பூ மாதிரி வட்டமாக அடுக்கி, அவிழாமல் இருக்க மஞ்சள் நூலால் பிடியோடு பிடியாகச் சுற்றிக் கட்டி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். மறுநாள் எங்கே எடுக்கப் போகிறோம், இரும்புக் கடைக்காரர் அல்லவா எடுக்கப் போகிறார் என்று நினைத்து, என் பிள்ளைகளை வழியனுப்புகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பாத்தி கத்தியை மட்டும் மேனேஜர் சேர்க்கவில்லை. கருவாட்டு வாடை அடிக்கிறதைச் சாமி முன்னால் வைப்பதா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவளும் முகத்தைத் தூக்கிக்கொண்டு, திருஷ்டிப் பூசணிக்காயில் ஓட்டை போட்டுக் குங்குமம் நிரப்பக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

முதலாளி பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோடு வந்தார். பட்டு அங்கவஸ்திரத்தைத் தோளில் போடாமல், கழுத்தைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி முன்னால் தொங்க விட்டிருந்தார். தீபாராதனை முடிந்தது. நல்ல நேரம் தாண்டுவதற்குள் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தலாம் என்று யாரோ கிளப்பிவிட, எலுமிச்சம்பழத்தை வைத்து, முதலாளியே சுவிட்சைப் போட்டார். நான் "ஐயா, வலைமூடி" என்று வாயைத் திறக்கிறேன், அவர் கையில் மிச்சமிருந்த பூவை மிஷினுக்குப் போடக் குனிந்தார். ஜரிகை நுனி புல்லியில் விழுந்தது. அவ்வளவுதான், முதலாளியை மிஷின் கிட்டே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பெல்ட்டில் சந்தனம் இருந்ததால் அது வழுக்கி வழுக்கிச் சுற்றியது, இல்லையென்றால் கதையே வேறு. இரண்டு கையாலும் கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து நிற்கப் பார்த்தார். முகம் நாவல்பழம் மாதிரி ஆகிவிட்டது. மேனேஜர் பொத்தானைத் தேடி வாழை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இங்கிட்டும் அங்கிட்டும் ஆடினார். போட்ட சுவிட்சை இறக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, மொத்தச் சனமும் இடுப்பில் கை வைத்தது. இடுப்பில் ஒன்றும் இல்லை. எல்லோரும் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், பூஜையில் இருப்பதைத் தொடலாமா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நான் பாய்ந்து போய்க் கத்தியை இழுத்தேன். ஒரு கத்தி வரவில்லை, தாமரை மொத்தமும் வந்தது. அந்த நூலை அறுத்தால்தான் கத்தி, அதை அறுக்க ஒரு கத்தி வேண்டும். நானும் பல்லால் கடித்துப் பார்த்தேன், இருக்கிற பல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் கொல்லைப் பக்கமிருந்து பாப்பாத்தி வந்தாள். ஒரு இடுப்பில் பூசணிக்காய், கையில் குங்குமம் வழிகிற கிளிமூக்கு. பூசணிக்காயை என் காலில் போட்டாள், அந்தப் பெருவிரல் இன்றைக்கும் மழை வருவதை முன்கூட்டிச் சொல்கிறது. கழுத்துக்கும் பட்டுக்கும் நடுவில் மொழுக்கென்ற பக்கத்தைத் தட்டையாகச் செருகினாள். வெளியே பார்த்து ஒரே இழுப்பு, கருவாட்டுத் தலை மாதிரிதான். சர்ரென்று பட்டு கிழிந்தது, முதலாளி பின்னால் சாய்ந்து எங்கள் மேல் விழுந்தார். மேனேஜரும் வாழை மரத்தோடு சரிந்து, தலையாலேயே பொத்தானை அமுக்கி மிஷினை நிறுத்தினார். முதலாளி கண் திறந்தார். நெஞ்செல்லாம் சிவப்பு, பாப்பாத்தி கையெல்லாம் சிவப்பு, கத்தியில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. கழுத்தைத் தடவி விரலைப் பார்த்தார், விரலும் சிவப்பு. உடனே மயங்கிவிட்டார். தண்ணீர் தெளித்தோம், எழுந்தார், திரும்பவும் பாப்பாத்தியைப் பார்த்தார், திரும்பவும் மயங்கினார். அது குங்குமம் என்று நான் அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று கண்ணாடி கொண்டு வந்து காட்டிய பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. அந்த மூச்சை நன்றாக இழுத்து, முகத்தைச் சுளித்து, முதல் வார்த்தையாகக் கேட்டார்: "உசுரு இருக்குங்கிறீங்க சரி, அப்பறம் ஏன் என் மேல கருவாட்டு வாடை வருது?"

அடுத்த பூஜைக்கு

மறுநாள் காலையில் இரும்புக் கடைக்காரர் தராசோடு வந்து நின்றார். அவரை வரச் சொன்னதை யாரும் மறுபடி நினைக்கவில்லை. கத்திக்கட்டை நடுவில் வைத்துக்கொண்டு, கேட் பக்கம் ஒரு நாற்காலி நிழலில் கிடக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்தார். கழுத்தில் துண்டு இல்லை, அங்கவஸ்திரம் இல்லை, சட்டையின் மேல் பொத்தான்கூடத் திறந்துதான் கிடந்தது. வலைமூடியைத் தானே தூக்கிக்கொண்டு போய் புல்லியில் மாட்டச் சொல்லி, திருகு இறுகும் வரை பக்கத்தில் நின்றார். சிவப்புப் பொத்தான் பெட்டிக்கு முன்னால் இனிமேல் சாமி மாலைகூடத் தொங்கக்கூடாது என்றார். மேனேஜர் நெற்றியில் புடைத்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டே சரி என்றார். பிறகு இரும்புக் கடைக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வெறும் தராசோடு அனுப்பிவிட்டார்.

நான் நூலை அறுத்து ஆளுக்கொரு கத்தியாகத் திரும்பக் கொடுத்தேன். அறுப்பதற்குப் பாப்பாத்தி கத்தியைத்தான் வாங்கினேன், வேறு வழி? கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது, மாதிரிக்கு அடித்த முதல் கத்தி, கிளி நலம் விசாரித்ததே, அது. முதலாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என்னைத் தூணுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். துபாயைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. கையை நீட்டினார். கொடுத்தேன். சட்டையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வெளியே தெரிகிறதா என்று என்னிடமே கேட்டார். தெரியவில்லை என்றேன். ரெண்டு அடி போனவர் திரும்பி வந்து சொன்னார்: "பெருசு, அடுத்த பூசைக்கு எல்லா கத்தியவும் வைங்க, அந்தம்மா கத்திய மட்டும் எந்தக் காலத்துலயும் சாமிக்குக் காட்டிறாதீங்க."

ஆக, எங்கள் மில்லில் எல்லோருக்கும் கழுத்தும் விரலும் போட்டது போட்டபடி இருக்கின்றன, மத்தியானக் குழம்பில் கருவாடும் இருக்கிறது, இதில் எது எதைக் காப்பாற்றுகிறது என்று மட்டும் நான் விசாரிப்பதில்லை.